கோடோவின் நேவிகேஷன்: எதிரிக்கு வழி தெரிகிறது, வேலை தெரியவில்லை

முதலில் விலை, நம்ம ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான். கோடோ, அதாவது கேம் செய்ய உதவுகிற எஞ்சின், முழுக்க இலவசம். எம்ஐடி உரிமம் என்பதால் கேமை விற்று எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு சென் கூட யாருக்கும் பங்கு தர வேண்டாம். அர்ஜென்டினாக்காரர்கள் இரண்டு பேர், ஹுவான் லினியெட்ஸ்கியும் அரியல் மன்சூரும், தங்கள் வேலைக்காக எழுதி வைத்திருந்து 2014-இல் மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்ட எஞ்சின் இது. இறக்கி, ஜிப்பைப் பிரித்து, டபுள் கிளிக் செய்தால் போதும், நிறுவும் வேலையே கிடையாது. பகலில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு இரவில் பழைய லேப்டாப்பைத் திறக்கிற என்னைப் போன்றவனுக்கு இதுவே பாதி நிம்மதி. ஆனால் நான் எழுத வந்தது முழு எஞ்சினைப் பற்றி இல்லை. எதிரியை நடக்க வைக்கிற பகுதியைப் பற்றி மட்டும், அதுவும் 2டி, பதிப்பு 4.

நான் செய்வது மேலிருந்து பார்க்கிற சின்ன கேம். ஜார்ஜ் டவுன், இரவு, லிட்டில் இந்தியா பக்கம், லெபோ பாசாரும் லெபோ குயினும் குறுக்கே வெட்டுகிற சந்துகள். காணாமல் போன பூனையைத் தேடி ஒரு பையன் கடை வீடுகளுக்குள் நுழைந்து நுழைந்து போகிறான், ஜாகா, அதாவது இரவுக் காவல்காரர், துரத்துகிறார். எதிரி என்றால் அந்த ஜாகா தான், பேய் பிசாசு எதுவும் இல்லை. மேப்பைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், காக்கி லீமாவில், அதாவது கடை வீடுகளின் முன்னால் இருக்கிற கூரை போட்ட நடைபாதையில், நடந்தவர்களுக்குத் தெரியும், பத்தடிக்கு ஒரு தூண், தூணை ஒட்டி மோட்டார் சைக்கிள், பூக்கடைக்காரர் அடுக்கிய கூடைகள், நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் வாய்க்கால். வழி கண்டுபிடிக்கிற கருவியைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் வேண்டாம். வெட்டவெளியில் எல்லா எஞ்சினும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும்.

கோடோவில் கேமைக் கட்டுகிற துண்டுகளுக்கு நோட் என்று பெயர், இதற்கு இரண்டு நோட் வேண்டும். நேவிகேஷன் ரீஜன் 2டி என்பது தரை, எங்கே நடக்கலாம் என்று அதில் ஒரு பெரிய கட்டத்தை வரைந்து பேக் பொத்தானை அழுத்தினால், சுவர், தூண் எல்லாம் இருக்கிற இடத்தை அதுவே வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் பலகோணங்களாகப் பிரித்து வைக்கிறது. நேவிகேஷன் ஏஜென்ட் 2டி என்பது எதிரிக்குள் போடுகிற நோட். டார்கெட் பொசிஷனில் பையன் நிற்கிற இடத்தைக் கொடுக்கிறோம், கெட் நெக்ஸ்ட் பாத் பொசிஷன் என்று கேட்டால் அடுத்து எந்தப் புள்ளிக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நகர்த்துவது நம் வேலை. அந்தப் புள்ளியை நோக்கித் திசை கண்டுபிடித்து, வேகத்தைப் பெருக்கி, மூவ் அண்ட் ஸ்லைடு என்று நாமே எழுத வேண்டும். காரில் வழி சொல்கிற வேஸ் ஆப் இடது வலது சொல்லும், ஸ்டீயரிங்கை நாம்தான் திருப்ப வேண்டும், அந்த மாதிரி. யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில் இருந்து வருகிறவர்கள் இங்கேதான் முதலில் திகைக்கிறார்கள், ஏனென்றால் அங்கே நேவ்மெஷ் ஏஜென்ட் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். எனக்கு கோடோ செய்வதுதான் பிடித்திருக்கிறது. நடை நம் கையில் இருந்தால் ஜாகாவுக்குத் தொப்பை இருக்கிறது, வளைவில் கொஞ்சம் தடுமாறுவார், ஓடிவந்து நிற்கும்போது மூச்சு வாங்குவார் என்று நாம் சேர்க்க முடிகிறது.

கோடோவின் ஸ்கிரிப்ட் மொழி பைத்தான் மாதிரி இருக்கும், அது கொஞ்சம் தெரிந்திருந்தால் ஸ்கிரிப்ட் பத்து வரிக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் எல்லோரும் மாட்டுகிறார்கள்: கேம் தொடங்கும்போது ஓடுகிற ரெடி என்ற ஃபங்ஷனிலேயே இலக்கைக் கொடுத்து வழி கேட்டால் வெறும் கையோடு திரும்பி வரும். நேவிகேஷன் சர்வர் மேப்பை முதல் பிசிக்ஸ் ஃபிரேம் கழிந்த பிறகுதான் ஒத்திசைக்கிறது, அதனால் ஒரு பிசிக்ஸ் ஃபிரேம் காத்திருந்துவிட்டுக் கேட்க வேண்டும். அதிகாரப்பூர்வ ஆவணத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், மாதிரி நிரலும் கொடுத்திருக்கிறார்கள். காணொளிகளில் பாதிப் பேர் சொல்வதே இல்லை.

காணொளி என்றதும் ஒன்று. இணையத்தில் தள்ளுபடி விலையில் ஒரு பாடத்தொடர் வாங்கினேன், பெயர் வேண்டாம். அதில் எதிரி பகுதி முழுக்க செட் டார்கெட் லொகேஷன், கெட் நெக்ஸ்ட் லொகேஷன் என்றே போகிறது. இவை 4.0-இன் சோதனைப் பதிப்புகளில் இருந்த பெயர்கள். 2023 மார்ச்சில் 4.0 முறையாக வெளிவந்தபோது இரண்டும் மாறிவிட்டன. அப்படியே தட்டச்சு செய்தால் சிவப்பு வரி தான் வரும். எழுதிக் கேட்டேன், "பதிப்பைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரி பதில். காசு வாங்கியவர்கள் பாடத்தைப் புதுப்பிக்காமல் நம்மைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள், சரி. கோடோ கற்க காசு கொடுத்துப் பாடம் வாங்குவதற்கு முன்னால் ஆவணத்தில் நேவிகேஷன் பிரிவை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அந்தப் பிரிவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருப்பது நம் பிள்ளைகள் சிலருக்குச் சிரமம்தான், தமிழில் இதைச் சொல்லிக்கொடுக்கிற பாடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. வீட்டில் இணையம் படுத்தினால் கிரீன் லேன் பக்கம் இருக்கிற பினாங் டிஜிட்டல் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், நான் அப்படித்தான் படித்தேன்.

இப்போது தூண் விஷயம், இதில்தான் கோடோவின் மேல் எனக்கு உண்மையான கோபம். ஏஜென்ட் நோட்டில் ரேடியஸ் என்று ஒரு மதிப்பு இருக்கிறது. பார்த்த உடனே என்ன தோன்றும்? இதைக் கூட்டினால் ஜாகா தூணை விட்டு விலகி நடப்பார் என்று தானே? நடக்க மாட்டார். அந்த ரேடியஸ் மற்ற எதிரிகளோடு மோதாமல் விலகுவதற்கு மட்டும், வழி கண்டுபிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வழி தூணை உரசாமல் இருக்க வேண்டுமானால் ரீஜனில் இருக்கிற நேவிகேஷன் பாலிகனுக்குள் போய், அங்கே ஏஜென்ட் ரேடியஸ் என்று இருக்கிற இன்னொரு மதிப்பை மாற்றி மறுபடியும் பேக் செய்ய வேண்டும். கிட்டத்தட்ட ஒரே பெயர், இரண்டு இடம், இரண்டு அர்த்தம். ஆவணத்தில் எச்சரிக்கை இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் ஆவணத்தைத் திறக்கிறவன் ஏற்கெனவே தூணில் மாட்டிக்கொண்ட ஜாகாவைப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறான். வழி என்பது அகலம் இல்லாத ஒரு கோடு. ஜாகாவின் மோதல் வட்டத்துக்கு அகலம் உண்டு. கோடு தூணின் விளிம்பை ஒட்டிப் போனால் வட்டம் தூணில் இடித்து நின்றுவிடும், அவர் அங்கேயே கால் உதைத்துக்கொண்டிருப்பார். பேக் செய்யும்போதே வட்டத்தின் ஆரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் விட்டுவிட்டால் இந்தத் தலைவலி போய்விடும்.

இதே காரணத்தால், மேப்பைக் கட்டுகிற சின்னச் சதுரத் துண்டுகளின் தொகுப்பான டைல்செட்டுக்குள் ஒவ்வொரு டைலுக்கும் நேவிகேஷன் வரைகிற வசதியைத் தொடாதீர்கள். பார்க்க சுலபமாக இருக்கும், அதைத்தான் நிறைய காணொளிகள் காட்டுகின்றன. அதில் ஓரம் விடுகிற வழியே இல்லை, டைலும் டைலும் சேருகிற விளிம்பு வரைக்கும் தரை என்றே கணக்கு. டைல்களை மோதல் வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மேலே ஒரு ரீஜன் போட்டு பேக் செய்வதுதான் ஒழுங்கு, ஆவணமே அதைத்தான் பரிந்துரைக்கிறது.

ஜாகாவோடு ஒரு நாயும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கணக்கு இன்னும் மாறும். கூடைகளுக்கு நடுவே நாய் புகுந்துவிடும், ஜாகா புக முடியாது. ஒரே பேக்கில் இரண்டு பேரையும் ஓட்ட முடியாது, நாய்க்கென்று சின்ன ஆரத்தில் தனியாக பேக் செய்து தனி மேப்பில் போட வேண்டும். செய்ய முடிகிறது, செய்தால் அழகாக இருக்கிறது, பையன் ஓடி ஒளிகிற சந்துக்குள் நாய் மட்டும் வந்து நிற்கும்போது கேமே வேறு மாதிரி ஆகிறது. ஆனால் ஆரம்பத்தில் இருப்பவர்கள் இதை இரண்டாவது கேமுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாய்க்காலைத் தாண்ட நேவிகேஷன் லிங்க் 2டி. இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவில் தரை இல்லாவிட்டாலும் வழி அதன் மேல் போகும். தாண்டுகிற அசைவை லிங்க் ரீச்டு என்ற சிக்னலைப் பிடித்து நாமே எழுத வேண்டும், இல்லையென்றால் ஜாகா தண்ணீர் மேல் நடந்து போவார். சுவரிலோ பூட்டிய கடையிலோ முட்டி நிற்கிற நிலைமைக்கும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: போகவே முடியாத இடத்தை இலக்காகக் கொடுத்தால் ஏஜென்ட் திகைக்காது, போக முடிகிற மிக அருகிலான புள்ளி வரை வழி கொடுக்கும், இலக்கை எட்ட முடியாது என்பதையும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பையன் கதவைச் சாத்திக்கொண்டால் ஜாகா வெளியே வந்து நின்று தட்டுகிறார். கூடுதலாக எழுதியது இரண்டு வரி.

நேவிகேஷன் அப்ஸ்டகிள் என்று ஒரு நோட் இருக்கிறதே, அதை நடுவழியில் வைத்தால் வழி அதைச் சுற்றிப் போகுமா என்று கேட்பீர்கள். போகாது. அது அடிப்படையில் மோதல் தவிர்ப்புக்கானது, தரையை வெட்ட வேண்டுமானால் அதற்கான விருப்பத்தைத் தேர்ந்து மறுபடி பேக் செய்ய வேண்டும். பெயர் வைப்பதில் இவர்களுக்கு யாராவது ஒரு வகுப்பு எடுக்கலாம்.

மோதல் தவிர்ப்பு என்கிற அவாய்டன்ஸைப் பற்றிச் சுருக்கமாக: புதியவர்களுக்குத் தேவை இல்லை, அணைத்தே வையுங்கள். ஒருவரை ஒருவர் இடிக்காமல் வேகத்தைத் திருத்திக் கொடுக்கிற ஏற்பாடு அது, ஆனால் அதற்குச் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அகலமான திடலில் நூறு பேர் ஓடினால் பிரமாதம். காக்கி லீமாவில் மூன்று ஜாகாக்கள் எதிரும் புதிருமாக வந்தால் ஆளுக்கு ஆள் வழி விட்டு நடுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

நடுக்கம் வேறு காரணத்தாலும் வரும். பிசிக்ஸ் வினாடிக்கு 60 தடவை ஓடுகிறது. ஜாகாவின் வேகம் வினாடிக்கு 300 பிக்சல் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 5 பிக்சல் நகர்கிறார். பாத் டிசயர்டு டிஸ்டன்ஸ் இயல்பாக 20 என்று இருக்கும், துல்லியமாக இருக்கட்டுமே என்று அதை 2 ஆக்கினால் அவர் புள்ளியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார், திரும்பவும் தாண்டுவார். டீபக் மெனுவில் விசிபிள் நேவிகேஷனைப் போட்டு, ஏஜென்ட்டிலும் டீபக்கைத் திறந்து வைத்தால் வழி கோடாகத் தெரியும், இந்த மாதிரிக் கோளாறுகள் கண்ணால் பார்த்தவுடன் புரிந்துவிடும். இந்த வசதிக்கு முழு மதிப்பெண்.

சரி, இவ்வளவும் ஒழுங்காக அமைத்தாயிற்று. ஜாகா தூணில் இடிப்பதில்லை, வாய்க்காலைத் தாண்டுகிறார், குறுக்கு வழி கூடக் கண்டுபிடிக்கிறார். அக்கா மகனிடம் விளையாடக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டான். "மாமா, நான் கூடைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன், அவரு எப்படி நேரா என்கிட்டயே வர்றாரு? அவரு என்ன சாமியா?"

அவன் சொன்னதுதான் இந்தக் கருவியைப் பற்றிய சரியான விமர்சனம். டார்கெட் பொசிஷனில் எப்போதும் பையனின் இடத்தையே கொடுத்துக்கொண்டிருந்தால் எதிரிக்கு எல்லாமே தெரியும். எங்கே ஒளிந்தாலும் மிகக் குறுகிய வழியில் வந்து பிடிப்பார். தப்பிக்க வழியில்லாத கேமில் பயம் வராது, எரிச்சல் தான் வரும். கோடோ எந்த வழி என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது, எதிரிக்கு இப்போது என்ன தெரியும், அவர் எதை நம்புகிறார், எங்கே தேடுவார் என்பதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. பாடங்களும் பெரும்பாலும் வழி கண்டுபிடித்த உடனே முடிந்துவிடுகின்றன, எதிரி தயார் என்கிறார்கள்.

நான் பிறகு எழுதியது இவ்வளவுதான். ரோந்து, சந்தேகம், துரத்தல், தேடல் என்று நான்கு நிலைகள், ஒரு மேட்ச் கட்டளைக்குள். ரேகாஸ்ட் என்கிற கண்ணுக்குத் தெரியாத நேர்கோடு ஒன்று ஜாகாவிலிருந்து பையனுக்குப் போகிறது, நடுவில் கூடையோ சுவரோ இருந்தால் அவர் பார்க்கவில்லை என்று கணக்கு. பார்க்கும் வரைக்கும்தான் இலக்கு மாறும். பார்வையை விட்டு மறைந்த உடனே கடைசியாகப் பார்த்த இடம் மட்டும் இலக்காக நிற்கும், அங்கே போய் நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஒன்றிரண்டு இடங்களைத் தேடிவிட்டு ரோந்துக்குத் திரும்புவார். இலக்கை ஒவ்வொரு ஃபிரேமும் மாற்றாமல் டைமர் வைத்து 0.3 வினாடிக்கு ஒருமுறை மாற்றுகிறேன், லேப்டாப்புக்கும் நல்லது, ஜாகாவுக்கும் ஒரு மனிதத் தாமதம் வருகிறது. இதில் நேவிகேஷன் ஏஜென்ட்டின் பங்கு மொத்தம் மூன்று வரி.

இன்னொன்றும் யோசியுங்கள். 1980-இல் நாம்கோவில் டோரு இவாத்தானி வடிவமைத்த பேக்மேனில் பேய்கள் வழியே தேடுவதில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் எந்தப் பக்கத்துக் கட்டம் இலக்குக்கு நேர்கோட்டில் கிட்டே இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும், வந்த வழியே சட்டென்று திரும்பக் கூடாது என்று ஒரு விதி, அவ்வளவுதான் கணக்கு. வித்தியாசம் எல்லாம் இலக்கில் இருக்கிறது. சிவப்புப் பேய் நம் கட்டத்தையே குறி வைக்கும், இளஞ்சிவப்புப் பேய் நமக்கு நான்கு கட்டம் முன்னால் குறி வைக்கும், ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் தன் மூலைக்குத் திரும்பிப் போகும். நம்மைச் சுற்றி வளைக்கிற உணர்வு இதில்தான் வருகிறது. என் இரண்டாவது ஜாகாவுக்கு இளஞ்சிவப்பின் விதியைத்தான் கொடுத்தேன், பையன் ஓடுகிற திசையில் கொஞ்சம் முன்னால் குறி. அவாய்டன்ஸ் இல்லாமலேயே இரண்டு பேரும் ஒரே சந்தில் முட்டிக்கொள்வது குறைந்துவிட்டது, அக்கா மகன் முதல் தடவையாகக் கத்தினான்.

அதனால் உங்கள் மேப் கட்டம் கட்டமாக இருந்தால், அதாவது எதிரி டைல் விட்டு டைல் நகர்கிற கேம் என்றால், நேவிகேஷன் நோட்களைத் தொடவே வேண்டாம். கோடோ 4-இல் ஏ ஸ்டார் கிரிட் 2டி என்று ஒரு வகுப்பு இருக்கிறது. 1968-இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் ஷேக்கி என்ற ரோபோ வேலையின்போது எழுதிய அதே ஏ ஸ்டார் தான். இதுவரை நடந்த தூரம், இன்னும் இருக்கலாம் என்று ஊகிக்கிற தூரம், இரண்டையும் கூட்டி எது குறைவோ அந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பது. கட்டத்தின் அளவைச் சொல்லி, அப்டேட் செய்து, சுவர்க் கட்டங்களை அடைத்தால் வழி வந்துவிடும். பேக் இல்லை, ரேடியஸ் இல்லை, முதல் ஃபிரேம் காத்திருப்பும் இல்லை. மூலைவிட்டமாக நகர்வது இயல்பாகவே திறந்திருக்கும், சுவர் மூலையை எதிரி ஊடுருவிப் போகாமல் இருக்க தடை இல்லாதபோது மட்டும் என்ற முறைக்கு மாற்றிவிடுங்கள். முதல் கேமுக்கு இதையே சிபாரிசு செய்வேன், ஏனென்றால் என்ன நடக்கிறது என்று முழுக்கப் புரிகிறது. என்னுடையது மாதிரி தூண், கூடை, சாய்ந்து நிறுத்திய மோட்டார் சைக்கிள் என்று ஒழுங்கில்லாத மேப் என்றால் ரீஜனும் ஏஜென்ட்டும் தான்.

மதிப்பெண் கேட்டால், வழி தேடுவதற்கு நான்கு நட்சத்திரம், பெயர் வைத்த அழகுக்கு ஒன்றைக் குறைத்து மூன்று. இந்த மாதிரி எழுதினால் கோலாலம்பூர் நண்பர்கள் உடனே "ஏன்டா யூனிட்டி இல்லையா" என்று வருவார்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனத்தார் கேம் நிறுவப்படுகிற ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று கட்டணம் அறிவித்து, அடுத்த வருடம் செப்டம்பரில் அதை ரத்து செய்தார்கள், அந்த ஒரு வருடத்தில்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். கட்டணக் கதையை விட்டாலும் யூனிட்டியின் நேவ்மெஷ் 3டிக்காகச் செய்தது, 2டி என்றால் வெளியாட்கள் எழுதிய நீட்சியைத் தேட வேண்டும். ஸ்டுடியோவில் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் யூனிட்டியே படியுங்கள், அங்கே அதைத்தான் கேட்பார்கள். இரவில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு 2டி கேம் முடிக்க வேண்டும் என்றால் கோடோ, 4.3-க்குக் கீழே வேண்டாம், டைல்மேப் லேயர் 4.3-இல்தான் தனித்தனி நோட்டாகப் பிரிந்தது.